மூன்றாவது ரப்பர் பேண்ட்

பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தபோதுதான் பாய் எனக்குப் பழக்கமானார். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ராயப்பேட்டையில் வீடு. தி. நகரில் ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. வாரத்தில் நான்கு நாள் காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுவார். கூட ஒரு பேங்க் ஊழியர் வருவார். பழைய ஷூ லேஸ் ஒன்றின் இரண்டு முனையிலும் சுருக்குப் போட்டு, ஒரு முனையை அவரும் மறு முனையை இவரும் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பேங்க்காரருக்கு வெளியூர் மாற்றலானது. அதற்கு மறுவாரம் பாய் கைத்தடியோடு தனியாக வந்து என் ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்றார்.

"யாரு அது, செருப்பு பட்டு பட்டுன்னு அடிக்குது? ஐஸ் ஒடைக்கிற ஆளா?"

"ஆமா பாய்."

"ஓடுவியா?"

"போலீஸ் தொரத்துனா ஓடுவேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "போலீஸ்லாம் வாணாம் தம்பி. நான் பக்கத்துல வர்றேன், நீ சும்மா ஓடு."

என் இடது செருப்பின் வார் தளர்ந்துபோய் நடக்கும்போது குதிகாலில் அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் என்னை அவர் அடையாளம் வைத்திருந்தார். மறுநாளே கயிற்றின் ஒரு முனை என் கைக்கு வந்துவிட்டது.

அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். "ஸ்பீடு பிரேக்கர், மூணு அடி. லெஃப்ட்ல தண்ணி லாரி. நாய் ரெண்டு கீது, தூங்குது." வழியை மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. "அப்புறம்? இன்னா தெரியுது?" என்று கேட்பார். கடல் எப்படி இருக்கிறது, யார் வலை பிரிக்கிறார்கள், எந்த மீன் வந்திருக்கிறது, எல்லாம் சொல்ல வேண்டும். அவருடைய வலது கை விரலில் பட்டன் வைத்த ஒரு சின்ன மோதிரம் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்துவார். எண் ஏறும். தொழுகை முடிந்து ஓதுகிறவர்கள் எண்ணிக்கைக்காக வைத்திருப்பது அது. மசூதிக்குப் பக்கத்துக் கடைகளில் தொங்கும், நானும் பார்த்திருக்கிறேன். ஓடும்போதும் மனசுக்குள் ஓதுகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர் வணக்கத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றேன். லாரியில் கிளீனராக இரண்டு வருடம், ஈரோட்டில் ஓட்டலில் மாவு பிசைந்தது, கேரளாவில் டைல்ஸ் ஒட்டியது, மேற்கு மாம்பலத்தில் ஒரு மாவு மில்லில் மூட்டை இறக்கியது. எங்கும் யாரும் என்னை விரட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்திருக்கிறேன். அதற்காகவெல்லாம் ஓர் இடத்தை விட்டதில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் போதும் என்று தோன்றும். அவ்வளவுதான். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன்.

பாய்க்கு ஓர் ஆசை இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர், முழு மாரத்தான், ஒரு தடவை ஓடி முடிக்க வேண்டும். இருபத்தொன்று இரண்டு முறை ஓடியிருந்தார். வீட்டில் அவருடைய தம்பி, கண்ணாடி ஃபிரேம் கடை வைத்திருப்பவர், கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பாராம். "பீச்ல காத்து வாங்கறதுக்கு இவருக்கு ஷூ ஒரு கேடு, பனியன்ல நம்பர் ஒரு கேடு" என்று. அதைச் சொல்லிவிட்டுப் பாயே சிரிப்பார். பிறகு, "நாப்பத்திரண்டு தம்பி. அதுல ஒண்ணு கொறஞ்சா அது வேற ஓட்டம்" என்பார்.

அடையாறில் சேர்ந்து ஓடும் ஒரு குழு, வேலூருக்கு அப்பால் மலைமேல் நடக்கும் மாரத்தானுக்கு வேன் வைத்துப் போனது. பாய் பெயர் கொடுத்தார். சமதரையில் ஓடலாமே, மலை எதற்கு என்று கேட்டேன்.

"சிட்டியில ஓடுனா ஹாரன்தான் கேக்குது. மலையில இன்னா கேக்குதுன்னு ஒரு தபா பாத்துர்றேனே."

குழுவில் ஒருவர் எனக்கும் ஒரு ஜோடி ஷூ கொடுத்தார். ஓர் அளவு சின்னது. பரவாயில்லை என்றேன்.

முந்தைய நாள் சாயங்காலம் மலைமேல் எல்லாரையும் உட்கார வைத்து வழியைச் சொன்னார்கள். மூன்று இடங்களில் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் ஆள் நிற்பார், கையில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுவார். மஞ்சள், நீலம், பச்சை. மூன்றும் கையில் இருந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. கடைசி பச்சை முப்பதாவது கிலோமீட்டருக்கு அப்புறம். மெயின் ரோட்டில் ஒரு புளியமரத்திடம் வலது பக்கம் பிரிந்து, மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி, ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் பேண்ட் வாங்கி, அதே வழியில் இறங்கி மரத்துக்கே வர வேண்டும். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் இறக்கம், முடிந்தது. பாய் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

விடிந்ததும் ஓட ஆரம்பித்தோம். முதல் இருபது கிலோமீட்டர் நான் நன்றாகவே இருந்தேன் என்று சொல்லலாம். "சாமை வயல் பாய், கதிர் சாஞ்சி கீது. கீழ மேகம் நிக்குது, நாம மேல கீறோம்." அவர் காதைச் சாய்த்து ஓடினார். மாட்டு மணி கேட்டால் எத்தனை மாடு என்று அவரே சொல்வார், பெரும்பாலும் சரியாக இருக்கும். தலையில் விறகுக் கட்டோடு வந்த அம்மா ஒருவர் எங்களை நிறுத்தி, "எதுக்குப்பா ரெண்டு பேரையும் கட்டி வுட்டுக்கீறாங்க?" என்று கேட்டார். "நான் ஓடிப்போயிடுவேன்னு பயம்மா" என்றார் பாய். அந்த அம்மா சிரித்த சிரிப்பு வளைவு தாண்டியும் கேட்டது. மஞ்சள் பேண்ட், நீல பேண்ட் இரண்டும் ஒழுங்காக வாங்கினோம்.

இருபத்தைந்துக்குமேல் என் கட்டை விரல் நகம் கிளம்பியது. அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். டைல்ஸ் வேலையில் அதைவிட மோசமாக அடிபட்டு வேலை பார்த்திருக்கிறேன். வெயில் ஏறியது. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏற்றம் வந்தது, அதன் முடிவில் புளியமரம். அங்கே நின்றிருக்க வேண்டிய ஆள் தண்ணீர் கேன் கொண்டுவரப் போயிருப்பார்போல, நாற்காலி மட்டும் கிடந்தது. வலது பக்கம் அந்த மண் பாதை நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தேன். எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

கீழே, யாரோ இறங்கி வந்தவர் நழுவவிட்டது, புழுதியில் ஒரு பச்சை ரப்பர் பேண்ட் கிடந்தது.

நான் குனிந்தேன். அதை எடுத்துப் பனியனில் துடைத்தேன். பாயின் கையைப் பிடித்து மாட்டிவிட்டேன்.

"ஏத்தம் முடிஞ்சுது பாய். பச்சை வந்துடுச்சி."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "ஸ்கூலா இது?"

"ஆமா பாய்."

"புள்ளைங்க சத்தமே காணோம்?"

"ஞாயித்துக்கெழம பாய்."

"பேண்ட் போட்ட ஆளு பேசவே இல்லியே?"

"பாவம், வெயில்ல சோர்ந்து போயி உக்காந்து கீறாரு. கைய காட்டுறாரு."

யாருமில்லாத நாற்காலியை நோக்கிப் பாய் தலையைக் குனிந்து நன்றி சொன்னார். அது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இறக்கத்தில் ஓடினோம். மூன்று கிலோமீட்டர் போனதும் மரம் வந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும், எங்கே சொல்வது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு வளைவில் "புளியமரம் வந்தாச்சி பாய்" என்று சொன்னேன். வெறும் பாறைதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் "இன்னா தெரியுது" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பலா மரம், குரங்கு, பள்ளத்தில் ஓடை. இருந்ததையும் சொன்னேன், இல்லாததையும் சொன்னேன். முடியும் கோடு தெரிந்ததும், "கடைசி ஆறு கிலோமீட்டர் பறந்துட்டீங்க பாய், சீக்கிரமே வந்துட்டோம்" என்றேன். அவர் விரல் மட்டும் மோதிரத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.

முடியும் இடத்தில் மைக் வைத்திருந்தார்கள். பேண்டுகளைப் பார்த்தார்கள், மூன்றும் இருந்தன. இந்த மலையில் முழு மாரத்தானை முடித்த கண் தெரியாத முதல் ஆள் என்று மைக்கில் கத்தினார்கள். ஊர்க்காரர்கள்கூட எழுந்து நின்று கை தட்டினார்கள். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். கயிற்றின் முனை இன்னும் என் கையில் இருந்தது, எனக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பாய் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"மன்னிச்சுக்கணும். நான் ஸ்கூல் வரைக்கும் போவல. மரத்தாண்டயே கால் நின்னு போச்சு. நான்தான் தம்பிகிட்ட திரும்பிடலாம்னு சொன்னேன். ஆறு கிலோமீட்டர் கொறையுது. இது எனக்கு வராது."

பதக்கத்தைக் கழற்றி, மைக் கொடுத்தவரின் கையைத் தடவிக் கண்டுபிடித்து அதில் வைத்தார். பச்சை ரப்பர் பேண்டையும் உருவி அதன்மேல் வைத்தார். எல்லாரும் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள், அவர் நேர்மைக்காக. நான் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேனில் கடைசி இருக்கையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். ஆம்பூர் தாண்டியதும் கேட்டேன்.

"எப்படித் தெரியும் பாய்?"

விரலை நீட்டி மோதிரத்தைக் காட்டினார். இருநூற்று ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

"எடது காலு நூறு தபா உழுந்தா ஒரு அழுத்து. ஏழு அழுத்து ஒரு கிலோமீட்டர். பீச் ரோட்டுலயே அளந்து வச்சிக்கினேன். முந்நூறு பக்கம் வரணும்."

"நான் ஓதுறீங்கன்னு நெனச்சேன்."

"ஓதுறதுக்கு வேற நேரம் கீது."

"அங்கயே கேட்டிருக்கலாமே, பாய்."

"கேட்டேனே. ஸ்கூலான்னு கேட்டேன். சத்தம் காணோமேன்னு கேட்டேன். எத்தினி தபா கேக்கறது?"

என்மேல் ஏன் பழி சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, காற்றுப் படும்படி வைத்துக்கொண்டார்.

"கயிறு புடிச்சவன் ஏமாத்துனான்னு மைக்ல சொன்னா, நாளைக்கு வேற குருடனுக்குக் கயிறு புடிக்க எவன் வருவான்? வர்றவனையும் சந்தேகமா பாப்பானுங்க. உனக்காக சொல்லல." பிறகு, குரலை உயர்த்தாமல், "முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி. பின்னால எத்தினி பேரு வந்துக்கினு இருந்தாங்க. எனக்கு ஒரு கைதான் வேணும், உன் கைதான்னு இல்ல" என்றார்.

அது உண்மை. அந்த மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் யாராவது வந்திருப்பார்கள், அவர் போயிருப்பார், நாற்பத்திரண்டு முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. எத்தனையோ இடங்களை விட்டு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட நான் போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிட்டு வந்ததில்லை.

வேன் ராயப்பேட்டையில் நின்றதும், "கயிறு குடு" என்றார். கொடுத்தேன். சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

நானும் மறுவாரமே ஐஸ் வேலையை விட்டேன். கோயம்பேட்டில் மூட்டை, பிறகு ஓசூர். ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் பட்டினப்பாக்கத்துக்கே வந்து சேர்ந்தேன், அதே ஐஸ் பெட்டி. பாய் இன்னும் ஓடுகிறார். மயிலாப்பூரிலிருந்து ஒரு பெண், அந்த அடையாறு குழுவைச் சேர்ந்தவர்தான், கயிறு பிடித்து வருகிறார். தூரத்தில் அவர்கள் தெரிந்ததும் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன், நடந்தால் சத்தம் கேட்கக் கூடாது என்று. அவர்கள் தாண்டிப் போகும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பேன்.

பல நாள் அந்தப் பெண் ஃபோனைப் பார்த்தபடியோ எதிர்ப்பக்கம் கடலைப் பார்த்தபடியோ தாண்டிப் போய்விடுவார். போன வாரம் அப்படியில்லை.

"லெஃப்ட்ல இரும்பு கேட் இருக்கு, தள்ளி வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் வந்ததும் குரல் மாறாமல் சொன்னார்: "ரைட்ல ஐஸ் பெட்டி. ஒருத்தர் நிக்கறார். செருப்பைக் கையில வெச்சுண்டு நிக்கறார்."

கண்ணில் படுவதையெல்லாம் சொல்வதுதானே அந்த வேலை. அவர் சரியாகச் செய்தார்.

பாயின் கால் தடுமாறவில்லை. தலை என் பக்கம் லேசாகத் திரும்பியது, பிறகு நேராகிவிட்டது. "அப்புறம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். மோதிரத்தை ஒரு முறை அழுத்தினார். அவர்கள் கலங்கரை விளக்கம் பக்கம் போனார்கள். நான் செருப்பைக் கீழே போட்டேன், ஆனால் உடனே காலை நுழைக்கவில்லை.