சுக்கானியின் கைப்பட்டை

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வராத மனிதர், அந்த ஐப்பசியில் தினமும் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் கேட்டேன்.

"சோத்த இன்னாயா பண்ற?"

என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "கடல்ல கொட்டிடறேன்."

"ஏன், நல்லால்லியா?"

"உள்ள போனா வெளிய வந்துடுது. மூணு மாசமா இப்டித்தான் கீது."

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறியையும் ஏற்றிப் போகும் ஒரு தனியார் லாஞ்சில் அவர் சுக்கானி, அதாவது சுக்கான் பிடித்து ஓட்டுபவர். காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கட்டுமரம் ஏறியவர். அப்படிப்பட்டவருக்குக் கடலில் வாந்தி என்றதும் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளிய தெரிஞ்சா எங்க அண்ணன் தம்பிங்க காறித் துப்புவானுங்கோ. ஓனரு வேற ஆளப் போட்டுடுவான். வாயத் தொறக்காத."

நான் ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். வாந்தி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் தூக்கம் கண்ணைச் சொருகியது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியுமா? நான்கு நாளில் நிறுத்திவிட்டார்.

எங்கள் கடைக்குக் கப்பல்காரர்கள் வருவதுண்டு. அந்த மாதம் ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் சமையல் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் தலைவலித் தைலம் வாங்க வந்தான். அவனுடைய இரண்டு மணிக்கட்டிலும் சாம்பல் நிறத்தில் எலாஸ்டிக் பட்டை. உள்பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் ஒன்று. முதலாளிக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும், கேட்டார். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே அந்தக் குமிழ் அழுத்த வேண்டும், அப்படி அழுத்தினால் கடலில் குமட்டல் வராது என்று அவன் என் கையிலேயே வைத்துக் காட்டினான். எனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன். தைலம் இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு, கையில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் என் மூன்று விரலை அவர் கையில் வைத்து அளந்து, குமிழைப் பொருத்தினேன். "இன்னா, தாயத்தா?" என்றார். அன்று சாயங்காலம் டப்பா கழுவாமல் வந்தது. உள்ளே காரப்பொடி மீன் முள் ஒதுக்கி வைத்திருந்தது. அடுப்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஏழெட்டு வாரம் ஓடியது. முழுக்கைச் சட்டைக்குள் பட்டையை மறைத்தார். இடது கையில் மேலே வாட்சைக் கட்டிக்கொண்டார். வலது கையில் இருப்பது மாதா கோயிலில் மந்திரித்த பட்டை என்று லாஞ்சில் சொல்லி வைத்தார். சில நாள் டப்பா மறுபடி கழுவி வரும். நானும் அதைக் கேட்காமல் விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு பூசையில், முழங்காலிலிருந்து எழுந்தவர் முன் பெஞ்சைப் பிடித்தார். பிடித்த கை நழுவியது. நடைபாதையிலேயே வாந்தி எடுத்துவிட்டு, தரையைப் பிடித்துக்கொள்வதுபோல் இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். அவர் குடிப்பதே இல்லை.

கோயில் தரை சிமென்ட் தரை. அங்கே ஏது அலை? வீட்டுக்குப் புதிதாக ஃபோன் வந்த வருடம் அது. இடது காதில் வைத்தால் கேட்கவில்லை என்று அவர் வலது காதுக்கு மாற்றிப் பேசுவார். இடது காதுக்குள் இன்ஜின் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டும், கடைக்கு வருகிறவர்களுக்குத் தினமும் தலைசுற்றல் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் இருந்தவள் நான்.

"டாக்டராண்ட போலாம்யா. இது கடலு இல்ல."

"போனா லாஞ்சுல ஏறாதன்னு எழுதிக் குடுப்பான். அப்பறம் நான் இன்னா பண்றது? இந்தப் பட்ட தொளதொளன்னு ஆயிடுச்சி. இத்த கொஞ்சம் டைட்டா தச்சிக் குடு."

தைத்துக் கொடுத்தேன். யார் என்னைக் கட்டாயப்படுத்தியது? சாயங்காலம் கழற்றும்போது மணிக்கட்டில் குமிழின் வட்டம் சிவந்து குழிந்திருக்கும்.

லாஞ்சில் கயிறு பிடிக்கும் லஸ்கர் ஒருவர் இருந்தார். என் கணவரைவிட ஐந்தாறு வயது சின்னவர், பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் கணவரை நைனா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை, கப்பல் ஏணியை நெருங்கும்போது லாஞ்சு பக்கவாட்டில் போய் மோதியது. கயிறோடு நின்ற அவருடைய வலது கை லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் நசுங்கிவிட்டன.

என் கணவர் சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்தார். கேட்டவர்களிடம் எல்லாம் "அலை" என்றார். குளிக்கப் போனவர் உள்ளிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"கப்பலு அப்டியே சுத்திக்கினு தலைகீழா போச்சும்மே. அப்பறம் கத்தற சத்தந்தான் கேட்டுச்சு. யாராண்டயும் சொல்லாத."

ஒன்பது நாள் சொல்லவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம், என் கணவர் வேலையிலிருந்து திரும்பிய கையோடு, அந்தத் தம்பியே வீட்டுக்கு வந்தார். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கதவுப் பக்கம் உட்கார்ந்தார். என் கணவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அலை அண்ணி, இன்னா பண்றது? நைனா மேல ஒரு தப்பும் இல்ல. ஆபீஸ்ல கேட்டாங்கோ, அப்டித்தான் சொல்லிட்டு வந்துகீறேன்."

டீ கொடுத்தேன். பழக்கமில்லாத இடது கையால் வாங்கினார். பாதி லுங்கியில் கொட்டியது. சுட்டிருக்கும், அப்படியே துடைத்துக்கொண்டார்.

"அலை இல்ல தம்பி," என்றேன். "அவருக்குத் தல சுத்தல் கீது. ஆறு மாசமா. எனக்குத் தெரியும். நான்தான் பட்டையக் கட்டிக் கட்டி அனுப்பிச்சேன்."

என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் சட்டைக் கையை நானே மேலே தள்ளிக் காட்டினேன். தம்பி அந்தப் பட்டையைப் பார்த்தார். பிறகு என்னிடம் இல்லை, அவரிடம்தான் கேட்டார்.

"அன்னிக்கும் சுத்துச்சா நைனா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எனுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சுக்கான புடிச்சிருப்பேனே."

கத்தவில்லை. மிச்சமிருந்த டீயோடு கிளாஸைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓனரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அன்றே லாஞ்சிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், அறையில் உட்காரவைத்துச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்கள். உள்காதில் நீர் கோத்திருக்கிறது, இடது காதில் கேட்கும் சக்தி பாதி போய்விட்டது என்றார் டாக்டரம்மா. நான் பட்டையை எடுத்துக் காட்டினேன்.

"குமட்டல இது கொஞ்சம் அடக்கியிருக்கலாம்மா. சிலருக்குக் கேக்கும். ஆனா சுத்தறத நிறுத்தாது. முன்னாடியே வந்திருக்கணும்."

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடு இல்லாமல் சாப்பிட அவர் ஒரு வருடம் படாத பாடு பட்டார். மாத்திரையில் சுற்றல் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. திருவொற்றியூரில் கன்டெய்னர் அடுக்கும் யார்டு ஒன்றில் கேட் வேலை கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. அதுவே நல்லது என்பார்.

தம்பிக்கு அந்த இரண்டு விரலும் கடைசிவரை மடங்கவில்லை. அதே ஓனரிடம் டீசல் அளந்து ஊற்றும் வேலைக்கு மாறினார். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மனைவி மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அது நியாயம்தான். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவராகவே வந்து என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பிரியாணியைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

இன்றைக்கும் எப்போதாவது அந்தப் பேச்சு எங்களுக்குள் வரும். "நானே சொல்லத்தான் இருந்தேன். நீ முந்திக்கின," என்பார் என் கணவர். சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தம்பி அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்றும் தெரியாது. சோறு ஆறுகிறது, வந்து உட்கார் என்பேன்.