நான் விட்டுவிட்டு வந்த பிள்ளை

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. சிவகாசியை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளில் வேலை குறைந்திருந்த சமயம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போகலாம் என்று ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார். இருபத்தாறு பிள்ளைகள், ஹெட்மாஸ்டர், பள்ளிக்கூடத்துப் பியூன், நான். பிள்ளைகள் வயசே உள்ள ஹெட்மாஸ்டரின் தங்கை மகளும் கூட வந்தாள்.

ரயிலில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். துடைப்பதும் தண்ணீர் கொடுப்பதுமாகவே எனக்கு ராத்திரி போனது. காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கியபோதே கால் இரண்டும் கனத்தன. மிருகக்காட்சி சாலையோ ஒரே மேடும் பள்ளமும். எப்போது ஊர் திரும்புவோம் என்றுதான் மனசு கிடந்தது.

உள்ளே நுழைந்ததும் மரத்தடி பெஞ்சு ஒன்றில் சாப்பாட்டுத் தூக்குகளையும் துணிப்பைகளையும் இறக்கி வைத்தோம். குரங்குகள் இருக்கிற இடம், யாராவது காவலுக்கு இருக்க வேண்டும். பியூன், வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். என் கண் ஒரு பெண் பிள்ளை மேல் விழுந்தது. பத்து வயசு இருக்கும். வகுப்பில் சத்தமே வராது, சொன்னதைச் செய்வாள். லீவு நாட்களில் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ச் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிறவள்.

"நான் வந்து கூப்பிடுற வரைக்கும் இந்த இடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது" என்றேன். சரி டீச்சர் என்றாள். ஒரு மணி நேரத்தில் வேறு பிள்ளையை உட்கார வைத்துவிட்டு இவளைக் கூட்டிப்போக நினைத்திருந்தேன். மத்தியானம் அந்த மரத்தடிக்கு வந்துதான் எல்லாரும் புளிச்சோறு சாப்பிட்டோம். அப்போதாவது மாற்றியிருக்கலாம். இன்னொரு பிள்ளையைத் தேடிப் பிடித்துச் சம்மதிக்க வைக்க எனக்குத் தெம்பில்லை. அவளும் கேட்கவில்லை. மறுபடி அவளையே இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்று மணி வாக்கில் நல்ல மழை. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பிள்ளைகளைத் திரட்டி, அடுத்த வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து எண்ணினேன். இருபத்தாறு தலை இருந்தது. பைகளைப் பியூன் எடுத்து வந்துவிட்டார். பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம்.

ரயிலில் ஏற்றும்போது பேர் கூப்பிட்டு ஏற்றினேன். அந்தப் பிள்ளையின் பேருக்குப் பதில் இல்லை. ஹெட்மாஸ்டரின் தங்கை மகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பியூனைக் கேட்டால், பையை எடுக்கும்போது கூப்பிட்டாராம், டீச்சர் வந்துதான் கூப்பிடணும் என்றாளாம், நீங்க கூட்டிட்டு வருவீகன்னு நினைச்சேன் என்றார். ஹெட்மாஸ்டர் திட்டவில்லை. "நீங்கதானம்மா எண்ணுனீக" என்று மட்டும் சொன்னார். மற்ற பிள்ளைகளோடு அவரை அந்த ரயிலிலேயே போகச் சொல்லிவிட்டு, ஒரு டாக்சி பிடித்துத் திரும்பினேன். வழியெல்லாம், அவள் அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பதே நினைப்பு.

வாசலைச் சாத்தும் நேரம். காவல்காரரிடம் அழுதபடி சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அதே பெஞ்சில்தான் இருந்தாள். பைகள் போய் இரண்டு மணி நேரம் ஆகியும், காவல் காக்க ஒன்றுமில்லாத பெஞ்சில், பாவாடை நனைந்து ஒட்ட உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அங்கே கூட்டிப் பெருக்குகிற ஒரு மலையாளத்து அம்மா, அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். எவ்வளவு கூப்பிட்டும் பிள்ளை கொட்டகைக்கு வரவில்லையாம், அதனால் அவரே வந்து உட்கார்ந்துவிட்டாராம். நீ அம்மாவா என்று கேட்டார். டீச்சர் என்றேன்.

நான் பக்கத்தில் போனதும் அந்தப் பிள்ளை கேட்டது, "எந்திரிக்கட்டா டீச்சர்?"

வேறொன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. நான்தான் அந்த ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு அந்த அம்மா எங்களைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்க் கஞ்சியும் பயறும் கொடுத்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, காவல்காரரிடம் சொல்லிவிட்டு, கூட்டம் வருவதற்கு முன்னால் எங்களையும் உள்ளே அழைத்துப் போனார். இந்தக் குட்டி ஒன்றும் பார்க்கவில்லையே என்பதுதான் அவர் கவலை. சிங்கம், புலி, நீர்யானை எல்லாம் காட்டினார். பிள்ளை கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும், அடுத்ததற்கு நகரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். புலியை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு என்றேன். அப்படிச் சொன்னால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்து அவளை வீட்டில் விட்டபோது, அவள் அம்மாவிடம் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். ஏசட்டும் என்று தலை குனிந்து நின்றேன். அவள் அம்மா அப்போதுதான் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து, கையில் தீக்குச்சி மருந்து வாடையோடு நின்றாள்.

"அவ அப்படித்தான் டீச்சர். ஆபீஸ்லயும் இருத்தின எடத்துல இருப்பா. எந்திரிச்சா கணக்கப்பிள்ளை வைவாகள்ல, சின்னதுலயே பழகிட்டா" என்றாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்புறம், சாப்பிட்டீகளா என்று கேட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். எத்தனையோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கோ போய் வந்தேன், ஒருத்தரையும் தொலைக்கவில்லை. ஆனால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து நல்ல பிள்ளை என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையை அப்படிப் பழக்கியவர்களில் நானும் ஒருத்திதான் என்பது இந்த வயசிலும் என்னை விட்டுப் போகவில்லை.