அம்மா உப்பு போட்டுக்கொண்ட ஞாயிறு

அந்த யோசனை வந்தபோது நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்தியினால் இல்லை. இன்னொரு கால் மரத்துப்போயிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு பூசைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஆண்டவருடைய பாடுகளின் வாசகம் எவ்வளவு நீளம் என்று. முழுவதையும் நின்றே கேட்க வேண்டும். கையில் குருத்தோலை, முதுகில் வியர்வை. எங்கள் மரக்காணம் வெயிலுக்கு உப்பளம், கோயில் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

பக்கத்தில் அம்மா, தூணைப் பிடித்தபடி.

வாசகத்தில் அந்த இடம் வந்தது. வழியில் வந்த ஒருவரைப் பிடித்து ஆண்டவருடைய சிலுவையைச் சுமக்க வைக்கிறார்களே, அந்த இடம். சரியாக அப்போதுதான் அம்மா என் பக்கம் சாய்ந்தாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன். பிடித்த கையை எடுப்பதற்குள்... பளிச்!

ஐயோ, இது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை?

என்ன தோன்றியது? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் பிறந்தநாள் கதையைச் சொல்லியாக வேண்டும். அது ஒரு தனிக் கூத்து.

நான் பிறந்தது ஒரு குருத்து ஞாயிறு. நிறைமாதத்துக்கு முன்பே. ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் போன அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் நான் வந்துவிட்டேன். அப்போதே எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்! ஆனால் வந்தவள் அழவில்லையாம். நீலமாகக் கிடந்தேனாம். நர்ஸம்மா தலைகீழாகத் தூக்கித் தட்ட, பக்கத்தில் அம்மா ஆண்டவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் புள்ள பொழச்சு இருபத்தஞ்சு வயசு முடிக்கட்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு தவக்காலமும் நான் வாயில உப்பு வெக்கமாட்டேன்.”

ஏன் இருபத்தைந்து? அந்த வருஷம் எங்கள் கோயிலுக்கு வெள்ளி விழா. வாசலில் தென்னங்கீற்று வளைவு கட்டி ‘25’ என்று பெரிதாக எழுதியிருந்தார்களாம். வலியோடு போன அம்மாவின் கண்ணில் கடைசியாகப் பட்ட நம்பர் அது. பொன்விழாவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே நடுங்குகிறது.

நான் அழுதேன். அம்மா உப்பை விட்டாள்.

அம்மாவுக்கு வேலையே உப்பளத்தில்தான். மரப்பலகையால் பாத்தியில் இருக்கும் உப்பை வாரிக் கரையில் குவிக்கிற வேலை. நாளெல்லாம் உப்புக்குள் நிற்பாள். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் உப்பில்லாக் கஞ்சி. கூட வேலை பார்க்கும் எலிசா அக்கா சும்மா விடுமா?

“ஏம்மா, மாமியார் வூட்டுல உக்காந்துகினு மாமியாரே வேணாங்கிற மாதிரி இருக்குது உன் கதை!”

அக்காவின் அடுத்த கேள்விதான் வில்லங்கம். “காத்துலயே உப்பு. வேர்வையில உப்பு. அது வாய்க்குள்ள போனா சாமி கணக்குல வருமா, வராதா?”

அம்மாவுக்கு அன்றைக்குத் தொற்றிக்கொண்டது ஒரு பழக்கம். தவக்காலம் வந்தால், ஈஸ்டர் வரைக்குமான அந்த நாற்பது நாளும், நிமிஷத்துக்கு ஒருதரம் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். சின்ன வயதில் அதை வெட்கம் என்று நினைத்திருந்தேன். அம்மா நிறைய வெட்கப்படுவாள் என்று ஸ்கூலில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்!

சரி, என் பிறந்தநாளுக்கு வருவோம். வீட்டில் யாரும் தேதி பார்க்கவில்லை. குருத்து ஞாயிற்றில் பிறந்தேனா? குருத்து ஞாயிறுதான் பிறந்தநாள். ஒரு வருஷம் மார்ச்சில் வரும், ஒரு வருஷம் ஏப்ரலில் வரும். “உன் பர்த்டே என்னாடி, பாண்டி பஸ்ஸு மாதிரி எப்ப வரும்னே தெரியல” என்பார்கள் பிள்ளைகள்.

எப்போது வந்தாலும் அது தவக்காலம். கேக் கிடையாது. கறி கிடையாது. புது கவுன் பெட்டிக்குள் ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கும். மிட்டாய் டப்பாவோடு ஸ்கூலுக்குப் போனால் டீச்சர், “தவக்காலத்துல மிட்டாயா? ஈஸ்டர் முடிஞ்சு கொண்டா” என்பார். ஈஸ்டர் முடிந்து கொண்டுபோனால் பிள்ளைகள், “இன்னிக்கு உனக்கு பர்த்டே இல்லையே?” என்பார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆனால் ஒன்று. கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையை அப்பா சிலுவையாக மடித்து ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகுவார். மீதி ஓலை முழுக்க எனக்குத்தான். கிளி, பந்து, பாம்பு, அப்புறம் ஒரு வாட்ச்! ஊரிலேயே ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புது வாட்ச் கட்டிய ஒரே ஆள் நான். மணி காட்டாது, அவ்வளவுதான். புதன்கிழமைக்குள் காய்ந்து கையைக் குத்தும். அதற்காகக் கழற்றிவிடுவேனா? இன்றைக்கும் பச்சை ஓலை வாசனை வந்தால் என் கை தானாக மணிக்கட்டைத் தடவுகிறது.

எட்டாவது படிக்கும்போது எனக்குக் கௌரவம் வந்துவிட்டது. டீச்சரிடம் கேட்டு, நான் பிறந்த அந்த ஞாயிறு என்ன தேதி என்று கண்டுபிடித்தேன். மார்ச் முப்பது. வீட்டுக்கு வந்து அறிவித்தேன்: “இனிமே எனக்கு மார்ச் முப்பதுதான் பர்த்டே. எல்லாரையும் மாதிரி.”

அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். “படிச்ச புள்ள சொல்லுது. முப்பதுன்னா முப்பது.”

அந்த முப்பதுதான் இந்த வருஷம் வினையானது.

இந்த வருஷம் ஈஸ்டர் சீக்கிரமே வந்துவிட்டது. என் தேதி அதற்கும் பின்னால், புதன்கிழமை. நான் இருபத்தைந்து முடிக்கிற வருஷம். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “ஈஸ்டரோட நிறுத்த முடியாதுடி. இருபத்தஞ்சு முடியட்டும்னுதான் நேர்ந்தேன். முப்பதாந்தேதி வரைக்கும் உப்பு தொடமாட்டேன்.”

அதிலும் எந்த வருஷம்? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்ததே, அந்த அலைக்கு அடுத்த தவக்காலம். அன்றைக்கு ஞாயிறு, அம்மாவும் அப்பாவும் நானும் பூசையில் இருந்தோம். நாங்கள் இருக்கிறோம். கரையோரத்தில் எங்களுக்குத் தெரிந்த சில பேர் இல்லை. அதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பாத்தியெல்லாம் சேறு, வரப்பெல்லாம் உடைசல். அதைச் சரிசெய்யும் வேலையே மாசக்கணக்கில் ஓடியது. சீசன் லேட். இப்போதுதான் உப்பு விளைந்து நிற்கிறது. அம்மாவை வீட்டில் உட்கார் என்றால் உட்காருவாளா?

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் அம்மா பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். எலிசா அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வேலை பார்க்கும் பாண்டியிலிருந்து நான் ஓடிவந்து சேர்ந்தபோது டாக்டரம்மா ஒரு பாக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

“தண்ணியில கரைச்சுக் குடிங்கம்மா. உடம்புல உப்பு ரொம்ப கொறைஞ்சிருக்குது.”

அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல உப்பு இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“அப்ப வேணாங்க.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “எங்க வேலை பாக்கறாங்க?”

“உப்பளத்துலங்க.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “வெளையாட்டு இல்லம்மா. இப்படியே வெயில்ல நின்னாங்கன்னா, அடுத்த தடவ விழுந்தா எழுந்திருப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது.”

சலைன் ஏற்றினார்கள். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆண்டவர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், உப்பில்லாக் கஞ்சியோடு. நான் கெஞ்சினேன், கத்தினேன். அப்பா ஒரு நாள் பேசாமலே இருந்து பார்த்தார். ம்ஹூம். “சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். அவரு அவரோட வார்த்தையைக் காப்பாத்தலையா? நீ நிக்கிற பாரு, என் எதிர்ல.”

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான், கால் மரத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த வாசகம்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். “அம்மா, மிச்ச நாளை நான் எடுத்துக்கறேன்.”

“எதை?”

“உன் நேர்த்தியை. இன்னியிலேர்ந்து முப்பதாந்தேதி வரைக்கும் நான் உப்பு சேக்கமாட்டேன். நீ சேத்துக்கோ.”

“போடி. நேர்ந்தது நானு.”

“யாருக்காக நேர்ந்த?”

“உனக்காகத்தான்.”

“அப்ப எனக்கு இதுல பங்கு இல்லையா? ஆண்டவர் சிலுவையவே பாதி வழியில ஒருத்தர் வாங்கிச் சுமந்தாரே, இப்பதானே படிச்சாங்க?”

அம்மா விடவில்லை. “அவரு ஆசைப்பட்டா தூக்குனாரு? புடிச்சுத் தூக்க வெச்சாங்க.”

“நான் ஆசைப்பட்டுத் தூக்கறேன். அதவிட பெட்டர்தானே?”

ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே சொன்னார்: “இவ கம்ப்யூட்டர் படிப்புக்குப் போட்ட காசை வக்கீல் படிப்புக்குப் போட்டிருக்கலாம்.”

அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: “ஈஸ்டருக்குக் கறிக்குழம்பு வெப்பேன். உனக்கு உப்பில்லாமதான் ஊத்துவேன். பரவாயில்லையா?”

“பரவாயில்ல.”

“பாண்டியில போயி ஓட்டல்ல திருட்டுத்தனமா போண்டா தின்னா?”

“சாமி பாப்பாருல்ல?”

அம்மா எழுந்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வாய் அசைந்தது. என்ன பேசினாளோ, நீளமாகத்தான் பேசினாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பேரத்தில் ஆள் மாறுகிறது என்றால் சும்மாவா? பிறகு அடுப்படிக்குப் போய்க் கஞ்சியை ஊற்றினாள். சாடியிலிருந்து ஒரு கிள்ளு உப்பு எடுத்துப் போட்டாள். கரைத்தாள். ஒரு வாய் குடித்தாள்.

நானும் அப்பாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். “எந்தப் பாத்தி உப்புடி இது? சேறு வாசன அடிக்குது.”

சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் குடித்தாள்.

அன்றைக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நான் செய்த ஜெபம்தான் என் வாழ்நாளிலேயே நேர்மையான ஜெபம் என்று நினைக்கிறேன். ரொம்பச் சின்னது. ‘தேங்க்ஸ், ஆண்டவரே.’ அவ்வளவுதான்.

அப்புறம்? அப்புறம் என் பாடு! முதல் நாள் ஜாலி. இரண்டாம் நாள் தயிர்சாதம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சென்டரில் கூட வேலை பார்க்கும் வித்யா, ஊறுகாய் பாட்டிலை நீட்டியவள் என் மூஞ்சியைப் பார்த்துப் பின்வாங்கினாள். “என்னப்பா, இருபத்தஞ்சு வயசுலயே பி.பி.யா?”

“இல்லப்பா. நேர்த்தி.”

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எனக்குத்தான். பொறந்தப்ப.”

பாவம், ஊறுகாயைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம். பாண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பெரிய முதலியார்சாவடி தாண்டியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது. நாக்கு தானாக உதட்டுக்குப் போனது. உப்பு! சட்டென்று துப்பட்டாவை எடுத்து உதட்டைத் துடைத்தேன். திரும்பவும் காற்று. திரும்பவும் துடைத்தேன்.

மூன்றாவது தடவை கை பாதியில் நின்றுவிட்டது.

இது அம்மாவின் கை.

ஒரு தவக்காலமா, இரண்டா? நான் கவுன் போட்ட வயதில், தாவணி போட்ட வயதில், ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்த வயதில், ஒவ்வொரு வருஷமும், வெயிலில் நின்று, நிமிஷத்துக்கு ஒருதரம்... எனக்காகத்தான் இந்த அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. கூனிமேடு வருகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். கண்ணிலிருந்து வருவதும் உப்புதானே? அதையும் துடைக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறந்தநாள் என்றால் எனக்கு வயது ஏறுகிற நாள் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் எனக்காக ஒரு வருஷம் தாக்குப்பிடித்த நாள் என்று எழுதியிருக்க வேண்டும் காலண்டரில். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கேட்டுப் பாருங்கள், சொல்லமாட்டார்.

ஈஸ்டர் வந்தது. சொன்னபடியே எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் உப்பில்லாத கறி. அது என்ன ருசி என்று கேட்காதீர்கள். அம்மா எதிரே உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. நேற்று வேலைக்கும் போனாள். மயக்கம் இல்லையாம், எலிசா அக்காவை விசாரித்துவிட்டேன்.

இதை எழுதும்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நாளைக்குக் காலையில் எனக்காகக் கோயிலில் நன்றிப் பூசை. இருபத்தைந்து முடிகிறது. அப்பா கேக் சொல்லியிருக்கிறார். ஆனால் நாளைக்கு முதல் வாய் கேக் இல்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கருவாட்டுக் குழம்பு! அம்மாவுக்கு உயிர். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் அந்த வாசனையே வராது. கருவாட்டில் உப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது? நானே வைக்கப்போகிறேன். இதுவரை வைத்ததில்லை. இன்றைக்கு வைத்தால்தான் நாளைக்கு ஊறி நன்றாக இருக்கும் என்கிறார் அப்பா. புளி கரைத்தாயிற்று, கத்திரிக்காய் நறுக்கியாயிற்று.

ஒரே ஒரு சிக்கல். விடிகிற வரைக்கும் நான் உப்பு பார்க்கக் கூடாதே?

“அம்மா... கொஞ்சம் இங்க வாயேன்!”