ஆடியில் சாவி கொடுக்க மாட்டேன்

உலு திராமில் இருந்த என் வீட்டை விற்றபோது, வக்கீல் ஆபீசில் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். எல்லாம் ஆங்கிலம். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். லோயர் தமிழ்ப் பெண் என்பதால் ஒவ்வொரு பக்கமாகச் சொல்லச் சொன்னேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

முழுப்பணம் வந்ததும் வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"அது எந்த மாசத்துல வரும்?"

"ஜூலை கடைசி, ஆண்ட்டி."

"அப்ப ஆடி. ஆடியில நான் வீடு மாற மாட்டேன். எழுதுங்க."

"சட்டத்துல ஏது ஆண்ட்டி ஆடி?"

"பின்னால தனி நிபந்தனை போடுற பக்கம் இருக்குன்னு சொன்னீங்கல்ல? அங்க போடுங்க. ஆவணி பொறந்ததும் செனாய்ல மக வீட்டுக்குப் போயிடுவேன்."

வாங்குகிறவர் சீனர். தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்; அவருக்கு என் வயதுதான் இருக்கும். லோயர் மலாயில் விளக்கியதும் மகன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்துப் புரட்டினார்.

"அலமாக்! நீங்க காலி பண்ணுற மாசந்தான் எங்களுக்குப் பேய் மாசம். செத்தவங்க வெளிய சுத்துற மாசம். புது வீட்டுல கால் வைக்க மாட்டோம்," என்றார், அவரும் மலாயில்.

லோயர் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒருத்தர் போக மாட்டேங்கிறீங்க, ஒருத்தர் வர மாட்டேங்கிறீங்க. நான் என்னத்த எழுதுறது?"

"எங்க மாசம் முடியுற வரைக்கும் ஆண்ட்டியே இருக்கட்டும் லா. வாடகை வேண்டாம்," என்றார் மகன்.

எனக்குச் சுருக்கென்றது. விற்ற வீட்டில் இனாமாக ஒட்டிக்கொண்டிருப்பதா?

"வேணாம். ஆவணி ஒண்ணாந்தேதி பூட்டிட்டுச் சாவிய லோயர்கிட்ட கொடுத்துடுறேன்."

அந்த அம்மா பதறிப்போனார். "அந்த மாசத்துல வீட்டைச் சும்மா பூட்டிப் போடக் கூடாது! ஆள் இல்லைன்னா அதுங்க வந்து குடியேறிடும். நீங்க இருங்க. சாயங்காலம் உங்க சாமிக்கு விளக்கேத்துங்க. எங்களுக்காக."

அவராகக் கேட்டார். அது வேறு பேச்சு.

"அப்படியே எழுதுங்க," என்றேன் லோயரிடம். "அவங்க கேட்டுத்தான் நான் இருக்கேன்னு."

எழுதினாள். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பணம் ஆடியிலேயே வந்துவிட்டது. ஆவணியில், என்னுடையது அல்லாத வீட்டில் ஒரு நாள் விடாமல் விளக்கேற்றினேன்.

அவர்கள் மாதம் முடிந்து வந்த அன்று, அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"யாராவது வந்தாங்களா?"

"தண்ணி பில் கொடுக்கிறவர் மட்டுந்தான்."

அப்போதுதான் சிரித்தார். மகன் கை நீட்டினார். நான் சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு மகள் காரில் ஏறினேன்.