பார் வைத்த சைக்கிள்

முதலில் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவார். பிறகு கையை விட்டுவிடுவார். தொப்பென்று விழுந்த சைக்கிளின் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மட்கார்டோ பூட்டோ செயின் மூடியோ, ஏதாவது ஒன்று லேசாக முனகும். வெஸ்ஸல் நைஹௌஸின் முகத்தில் அப்போதுதான் ஒரு நிம்மதி வரும்.

"ஆடுது," என்பார்.

"பேட்டரியோட இவ்ளோ கனமான சைக்கிளைத் தூக்கிப் போட்டா ஆடாம என்ன பண்ணும் ஐயா?" என்பாள் கடைக்காரி யோலின். "ரோட்ல யாரு இப்படித் தூக்கிப் போடப் போறாங்க?"

"குழி இருக்கும்ல."

"நம்ம ஊர் ரோட்ல குழி எங்க இருக்கு?"

வெஸ்ஸல் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே நேராகப் பார்த்தபடி தீர்ப்புச் சொல்வார்: "இன்னிக்கு இல்ல. இன்னொரு நாள் பாப்போம்."

இந்த வாக்கியம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ரிட்டயர் ஆகும்வரை வெஸ்ஸல் கார் லைசென்ஸ் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்தவர். வண்டியை ஓட்டி முடித்து வியர்த்த கையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம், முகத்தைத் திருப்பாமல், முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் சொல்வார். ஐசல் ஆற்றின் இந்தக் கரையில் பாதிப்பேர் அவரிடம் தோற்றவர்கள். என்னை ஒரு ரவுண்டானாவில் தோற்கடித்தார். சிக்னலைச் சீக்கிரமாகப் போட்டுவிட்டேனாம். யோலின் திரும்பத் திரும்பத் தோற்று, கார் ஆசையே விட்டுப்போய், சைக்கிள் கடை வைத்தாள். ஆகவே இதை எழுதுவதில் எனக்குப் பழிவாங்கும் எண்ணம் துளியும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது அவர் எழுபதைத் தாண்டியவர். நெடிய உருவம். வெயில் அடிக்கும் நாளிலும் மழைக்கோட்டு. சாவகாசமாக ஊர் சுற்றுவதற்கு ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கப் போவதாக இரண்டு கோடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை. ஊர் சுற்றுவதில் மட்டும் குறை வைக்கவில்லை.

மற்றவர்கள் ஓட்டிப் பார்ப்பது என்றால் கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவார்கள். வெஸ்ஸல் டப்பாவில் சீஸ் வைத்த ரொட்டியும் ஃபிளாஸ்கில் காபியுமாக வருவார். காலையில் எடுத்தால் பேட்டரி தீர்ந்த பிறகுதான் திரும்புவார். போன வசந்தம் முழுக்க இப்படி ஆப்பிள் தோப்புகள், காற்றாலைகள், நாரைக் கூடுகள் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டார். மின்சாரம் கடைக்காரர்களுடையது, காட்சி அவருடையது. பக்கத்து ஊர்க் கடையில் தூரத்தில் அவர் தொப்பி தெரிந்தாலே "சாப்பாட்டு நேரம்" என்ற பலகையைத் திருப்பி மாட்டிவிடுகிறார்களாம்.

திரும்பி வந்து அவர் சொல்லும் குறைகள் தனி ரகம். ஒரு சைக்கிளின் மணி அளவுக்கு மீறிச் சந்தோஷமாக ஒலிக்கிறது. ஒன்றில் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். பின்னால் வருகிறவன் படித்துவிடுவான். ஒன்றில் மோட்டார் சத்தமே இல்லை, அது ஏமாற்று வேலை. இன்னொன்றில் சத்தம் கேட்கிறது, அது மானக்கேடு. "முதுகுல யாரோ கை வச்சித் தள்ற மாதிரி இருக்கு. நான் தள்ளச் சொன்னேனா?" என்று யோலினிடமே கேட்டிருக்கிறார். எதிர்க்காற்றில் மிதித்துப் போகிறவன்தான் மனிதன் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையோடு அவர் பழைய சைக்கிளில் முக்கி முனகி மிதிக்கும்போது, கூடையில் லீக்ஸ் கீரை வைத்த பாட்டிமார்கள் நிமிர்ந்து உட்கார்ந்தபடி குட் மார்னிங் சொல்லிக் கடந்து போவார்கள்.

அடுத்தவர் சைக்கிளையும் அவர் விடுவதில்லை. பேக்கரி வாசலில் நிறுத்தியிருக்கும் சைக்கிள்களின் சீட்டுகளைத் தொட்டுப் பார்த்து, உரியவர் ரொட்டியோடு வெளியே வரும்வரை காத்திருந்து சொல்வார்: "சீட்டு உங்க இடுப்பெலும்புக்கு நேரா இருக்கணும். இது ரொம்பக் கீழ. ஊர்ல பாதிப்பேருக்கு முழங்கால் போறதே இதனாலதான்." சொல்லும்போது அவர்களுடைய இடுப்பை ஒரு பார்வை பார்ப்பார். சிலர் நன்றி சொல்வார்கள். பலர் பேக்கரியை மாற்றிக்கொண்டார்கள்.

உண்மையான சங்கதி மணியும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆண்கள் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில் வரை குறுக்கே போகும் அந்த பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெஸ்ஸலுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அதன்பிறகு வலது கால் பாருக்கு மேலே எழும்ப மறுக்கிறது. குரங்குப் பெடல் அடிக்கிற வயதும் இல்லை. ஆகவே எதன் மீதாவது ஏறி நின்றுதான் சைக்கிளில் ஏறுவார். வீட்டில் புறப்படும்போது பக்கத்து வீடான எங்கள் வாசற்படி. அவர் வீட்டுப் படியைவிட அது உயரம். காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்பதுதான் எனக்கு முதல் தரிசனம். வழியில் பெஞ்சுகள். ஆற்றங்கரையில் எந்த பெஞ்ச் எங்கே, எவ்வளவு உயரம் என்பது அவருக்கு மனப்பாடம். பெஞ்ச் வந்தால்தான் இறங்குவார். இறங்கினால் காட்சியைப் புகழ்வார்.

யோலின் இதைக் கவனிக்காமலா இருப்பாள்? பார் இல்லாத, நடுவில் தாழ்ந்து வளைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். "இதுல காலை இப்படி உள்ள விட்டா போதும் ஐயா. இப்ப ஆம்பளைங்களும் இதைத்தான் எடுக்கறாங்க."

அவள் ஒரு பாவாடையை விரித்துக் காட்டியதுபோல வெஸ்ஸல் இரண்டடி பின்வாங்கினார். "லேடீஸ் சைக்கிள். ஃபென்னாவுக்கு நல்லாருக்கும்."

"அவங்ககிட்டதான் ஏற்கெனவே இருக்கே."

"அதான் சொல்றேன். எங்க வீட்ல இது இருக்கு."

ஃபென்னா அவர் மனைவி. வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸாக இருந்தவர். அவர் சைக்கிள் தேர்ந்தெடுத்தது ஒரு காபி குடிக்கும் நேரத்தில். ஏறினார், தேவாலயத்தைச் சுற்றி வந்தார், சிவப்பு இருக்கா என்று கேட்டார். நீலம்தான் இருந்தது. நீலத்தில் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு பாலத்திலும் நின்று புருஷனுக்காகக் காத்திருக்கிறார்.

"எனக்கு வேகமெல்லாம் வேணாம்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "பேசிட்டே போகணும், அவ்ளோதான். ரிட்டயர் ஆனதும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிட்டுப் போலாம்னு சொன்னதே இந்த மனுஷன்தான். இப்ப நான் பாலத்துல நின்னு வாத்துங்ககிட்ட பேசிட்டிருக்கேன்."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் மேல் ஆத்திரம்தான் வந்தது.

மே மாதம் ஃபென்னாவின் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தலைக்கு ஒரு துண்டு கேக்கைக் கொடுத்து எங்களை உட்கார வைத்தார்கள். ஆண்கள் பேட்டரி பேசினார்கள். குளிரில் பேட்டரி எவ்வளவு இறங்கும் என்று வெஸ்ஸல் விளக்கினார். சொந்தமாக பேட்டரி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அப்போது ஃபென்னா காபி ஊற்றிக்கொண்டே பேசினார். "ஜூன் கடைசியில நம்ம சைக்கிள் குழு கடல் வரைக்கும் போகுது. உனக்கும் சேத்துத்தான் பேர் கொடுத்திருக்கேன். ஆஸ்பரகஸ் சீசன் முடியறதுக்குள்ள ஒரு சைக்கிள் வாங்கிடு, வெஸ்ஸல். இல்லன்னா உன் இடத்துக்கு பெர்ட்டுஸ் வரட்டும்."

பெர்ட்டுஸ் மூன்றாவது வீட்டுக்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல பேட்டரி சைக்கிளும் கலகலப்பான சுபாவமும் உள்ளவர். அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சீஸ் தட்டை நகர்த்தினார்கள்.

"அவசரப்பட்டு வாங்கற சாமானா அது?" என்றார் வெஸ்ஸல்.

"ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷத்துல ஒண்ணும் சரியில்லயே."

"எது சரியில்லன்னு ஊருக்கே தெரியும்," என்றார் ஃபென்னா. பிறகு எனக்குக் காபி ஊற்றினார்.

அந்த வாரக் கடைசியில் வெஸ்ஸல் யோலினிடமிருந்து ஒரு கறுப்பு பேட்டரி சைக்கிளை ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தார். பார் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு அக்கரைத் தோட்டத்துக்கு ஆஸ்பரகஸ் தண்டு வாங்கப் போனபோது அவரும் சேர்ந்துகொண்டார். எங்கள் வாசற்படியில் ஏறி, பாருக்கு மேல் காலைப் போட்டார். மனுஷன் நன்றாகவே ஓட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எதிர்க்காற்று அடித்தது, அவர் கொள்கை எதையும் சொல்லவில்லை. ஆற்றங்கரை மேட்டில் ஃபென்னாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். ஃபென்னா எதையோ சொல்லிக் கையை ஆட்ட, அவர் தலையாட்டியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு பாலத்தில்கூட நிற்கவில்லை.

ஆற்றைக் கடக்கச் சின்னப் படகு. எல்லாரும் இறங்கித்தான் ஏற வேண்டும். வெஸ்ஸல் கவலைப்படவில்லை, அக்கரையில் இறங்கியதும் ஒரு பெஞ்ச் உண்டு. படகு கரை சேர்ந்தபோது பார்த்தால் பெஞ்ச் இல்லை. குளிர்கால வெள்ளத்தில் ஆட்டம் கண்டதென்று கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். புல்லில் நான்கு குழிகள் மட்டும் இருந்தன.

எல்லாரும் ஏறிக் கிளம்பினார்கள். வெஸ்ஸல் நின்றார். "காட்சி நல்லாருக்கு. நீங்க போங்க, வரேன்."

காட்சியில் சில மாடுகளும் ஒரு எருக்குவியலும் இருந்தன.

பெர்ட்டுஸ் திரும்பி வந்தார். "தோள்ல கை போட்டுக்க, ஏத்தி விடறேன்."

"நான் என்ன மூட்டையா?"

வெஸ்ஸல் தானே காலை வீசினார். கால் பாரில் இடித்தது. சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் புல்லில் விழுந்தார்கள். படகுக்காரர் ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல," என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார் வெஸ்ஸல். "வண்டியில பேலன்ஸ் சரியில்ல."

ஃபென்னா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "அடிபட்டுதா?"

"இல்ல. கொஞ்சம் இரு, இன்னொரு தடவை ஏறிப் பாக்கறேன்."

ஃபென்னா அவரைப் பார்க்கவில்லை. எதிரே போகும் பாதையை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு இல்ல, வெஸ்ஸல். இன்னொரு நாள் பாப்போம்."

அத்தனை வருடமும் சாப்பாட்டு மேஜையில் அந்த வாக்கியத்தைக் கேட்டவர் அல்லவா, தொனி பிசகவே இல்லை. நான் பெடலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். என் முகம் அப்போது வெளியே காட்டக்கூடியதாக இல்லை.

பிறகு ஃபென்னா தன் நீல சைக்கிளை வெஸ்ஸல் முன்னால் நிறுத்திவிட்டு, கறுப்பு சைக்கிளை நிமிர்த்தினார். ஃபென்னா வெஸ்ஸலின் தாடை உயரம்தான். பெர்ட்டுஸ் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து சீட்டை இறக்கிக் கொடுத்தார். ஃபென்னா சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து, காலை வீசிப் போட்டு, ஒரே மிதியில் மேட்டில் ஏறிவிட்டார்.

"உனக்கு அந்த சீட்டை ஏத்தித் தரட்டுமா?" என்று பெர்ட்டுஸ் வெஸ்ஸலைக் கேட்டார்.

"வேணாம். கொஞ்ச தூரம்தானே."

கொஞ்ச தூரம் என்பது அன்றைக்கு மிச்சமிருந்த வழி முழுக்க. சீட்டு இடுப்பெலும்புக்கு மிகவும் கீழே இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் ஹேண்டிலுக்கு மேலே வந்து போயிற்று. முன்கூடையில் ஃபென்னாவின் பூப்போட்ட மழைக்கோட்டு. ஆனால் காலை உள்ளே விட்டதும் ஏறிவிட்டார், பெஞ்ச் இல்லாமலே. அடுத்த வளைவில் ஃபென்னாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தும் விட்டார். ஆஸ்பரகஸ் தோட்டம் வரை இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஊர் எல்லை வந்ததும் இறங்கிவிட்டார். நீல சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருவுக்குள் நுழைந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், அவர் கேட்காமலே, "ஃபென்னாவுக்கு என் வண்டியை ஓட்டிப் பாக்கணும்னு ஆசை," என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு யோலின் கடையில் நின்றிருந்தேன். வெஸ்ஸல் வந்தார். கையில் ரொட்டி டப்பா இல்லை, ஃபிளாஸ்க் இல்லை. நடுவில் தாழ்ந்து வளைந்த அந்த சைக்கிளின் பக்கம் தலையை அசைத்தார்.

"இது ஃபென்னாவுக்கு. இன்னொண்ணு இருக்கட்டும்னு."

"அதானே," என்றாள் யோலின், முகம் மாறாமல். "அவங்களுக்கும் ரெண்டு இருந்தா நல்லதுதான்."

பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி விட்டார். மணி, பூட்டு, கேரியர் எல்லாம் சேர்ந்து கலகலவென்று அடித்துக்கொண்டதில் தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

"ஒண்ணும் ஆடல," என்றார் வெஸ்ஸல்.

யோலின் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சைக்கிளின் பக்கத்தில் குனிந்தாள். "சீட்டை எவ்ளோ உயரம் வைக்கட்டும் ஐயா? அம்மா வரலியே."

வெஸ்ஸல் கண்ணாடிக் கதவு வழியே தெருவை நேராகப் பார்த்தபடி, மழைக்கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைத் தன் இடுப்பெலும்பின் மேல் தட்டையாக வைத்துக் காட்டினார்.