இருவராக இறங்கி இருவராக ஏறும் தொழில்

கடலடியில் சுழியோடக் கற்றுக்கொடுப்பவனுக்குச் சுறாவை விடப் பயம் தருவது படகில் ஏறும் வாடிக்கையாளர்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களே, ஹஜ்ஜுக்கு ஆள் கூட்டிப்போகிறவர்களே, கொண்டுபோன தலைகளைக் குறையாமல் திருப்பிக் கொண்டுவரும் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

கையெழுத்து

கல்முனைப் புதுமாப்பிள்ளை ஒருவரிடம் "என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு" என்ற படிவத்தை நீட்டினேன். அவர் பேனையை வைத்துவிட்டு மாமிக்குப் போன் எடுத்தார். மாமி வீட்டில் குடியிருக்கிறவர், கேட்காமல் எப்படிக் கையெழுத்து வைப்பார்? மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும் என்பது முதல் எல்லா விதிகளையும் மாமிக்கு ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி, மருமகன் அசறுத் தொழுகைக்கு முதல் ஊட்டுக்கு வந்திருவாரா?"

தடிமன்

மூக்கடைத்துத் தடிமன் உள்ளவர் இறங்கினால் காது கெட்டுப்போகும். பாலமுனை ஆசிரியர் ஒருவர் தடிமன் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, படகில் ஏறியதும் அடுக்கடுக்காகத் தும்மினார். கடலில் இறக்க மாட்டேன் என்றேன். "நான் கரையிலதானே எழுதின. கரையில தும்மல் இரிக்கல்லயே!"

மச்சான்மார்

என்னிடம் பழகி முடித்த எட்டுப் பேர் சம்மாந்துறையிலிருந்து வந்தார்கள். இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். ஒருவருக்குக் காற்றுக் குறைந்தால் மற்றவர் தன் உதிரி மூச்சுக் குழாயைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் சோடி சேர்ந்தபின் மிஞ்சியது ஹனீபாவும் அவருடைய மச்சான் ஜௌபரும். வாய்க்காலில் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று சண்டை பிடித்து, இரண்டு போகமாகப் பேச்சில்லை. "தண்ணிக்குள்ள கதைக்கத் தேவல்லதானே" என்றார் ஹனீபா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் முட்டாள்தனம்.

பாறையடியில் ஹனீபாவின் காற்று மீட்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஜௌபர் குழாயை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஹனீபாவோ அவரைத் தாண்டி, கண் பிதுங்க, தூரத்தில் நின்ற என்னிடம் நீந்தி வந்து என் உதிரிக் குழாயைப் பறித்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒரு ஜனாஸாவோடு கரை திரும்பியிருப்பேன். படகில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஜௌபர் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். ஹனீபா இருமி இருமிச் சொன்னார்: "அவருட்ட காத்து வாங்கினா, தண்ணியும் அவரே முதல் பாய்ச்சட்டும் எண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிருமே!"

இப்போதெல்லாம் சோடி சேர்க்குமுன், இரண்டு பேரின் வயலும் ஒரே வாய்க்காலிலா என்று விசாரித்துவிட்டுத்தான் படகைத் தள்ளுகிறேன்.