குழல் மாத்தின துவக்கு

பழைய துவக்கை விற்க வருகிற ஒவ்வொருவரும் அதால் ஒரே ஒருதரம்தான் சுட்டிருப்பார்கள், அதுவும் மழையில்லாத நாளில். பழைய கார், பழைய ஃபிரிட்ஜ் வாங்கி விற்கிற கடைகளில் நிற்கிற சகோதரங்களே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டாயிரங்களில் நான் மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் நின்றேன். வருகிற பழைய துவக்குகளைப் பார்த்து, எடுக்கலாமா விடலாமா என்று சொல்வது என் வேலை. வெடிச்சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவனுக்கு மொன்றியல் கொடுத்த வேலை அது.

விளையாட்டுச் சாமான்

என் மனைவி நாங்கள் இருந்த வில்லரேயில் ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. "அவர் விளையாட்டுச் சாமான் கடையில நிக்கிறார்" என்பதோடு முடித்துவிடுவாள். ஒரு பிறந்தநாள் வீட்டில் குகன் அண்ணை என்னை மெல்ல மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேக்கரியில் மாக் குழைக்கிறவர், பரம சாது. மகனுக்கு விலைக்கழிவில் கிரிக்கெட் பேட் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பேக்கரிப் பெடியள் என்னை மூஸ் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள். உங்கட விளையாட்டுச் சாமான் ஒண்டு எனக்கும் பாத்துத் தாருமன்."

மச்சானின் கைவண்ணம்

பார்க்கவேண்டிய துவக்கு ஏற்கனவே ஆயத்தம். விற்கிறவன் அதே பேக்கரியில் வேலை செய்கிற மார்செல். வேட்டைக்குக் கூப்பிட்டவனும் அவன்தான். வகுப்புக்குப் போய் லைசென்சும் எடுத்துவிட்ட குகன் அண்ணை, ஒரு சனிக்கிழமை அவனையும் துவக்கையும் கடைக்குக் கொண்டுவந்தார். "குழல் மாத்தினது. புதுசு மாதிரி" என்றான் மார்செல்.

குழல் மாற்றுவது குற்றமில்லை. கைதேர்ந்தவன் மாற்றினால் பழையதைவிடத் திறமாகச் சுடும். ஆகையால் யார் மாற்றினது என்பதுதான் முதல் கேள்வி. இந்தத் துவக்கிலோ, குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையில் ஒரு பக்கம் கடதாசி போகாது. மற்றப் பக்கம் என் சின்னவிரல் போனது. குழலின் அடியில் குறடு கடித்த பல் அடையாளம் வேறு.

"ஆர் மாத்தினது?"

"என்ர மச்சான்."

"அவர் துவக்குத் திருத்துறவரோ?"

மார்செல் பெருமையோடு பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "இல்லை, அவன் பிளம்பர். குழாய் எண்டா அவனுக்குத் தண்ணி பட்ட பாடு!"

ரெண்டு இரும்பு

எங்கள் கடையில் துவக்குத் திருத்துகிறவள் லிண்டா. அவள் தோட்டா வடிவிலுள்ள இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். முதலாவதைப் போட்டால் துவக்கின் பின்பக்கம் மூடிப் பூட்டவேண்டும். இரண்டாவது மயிரளவு நீளம் கூட. அதற்குப் பூட்டவே கூடாது. பூட்டினால், தோட்டாவுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறதென்று அர்த்தம். சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கோது பிளந்து, நெருப்பு சுடுகிறவனின் முகத்துக்கே திரும்பி வரலாம்.

முதலாவதுக்குப் பூட்டியது. நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு இரண்டாவதைப் போட்டேன். வெண்ணெய் மாதிரிப் பூட்டியது. லிண்டா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மார்செல் கவுண்டரில் தட்டினான்: "பாத்தியளோ, எதைப் போட்டாலும் பூட்டுது! இப்பிடி ஒரு துவக்கு எங்க கிடைக்கும்?"

சட்டைப்பைக் கோது

"அண்ணை, இது வேண்டாம்" என்றேன் தமிழில். குகன் அண்ணையின் முகம் வாடிவிட்டது. "வேண்டாமெண்டா இவன் கோவிச்சுக்கொள்ளுவான். பேந்து நான் ஆரோட காட்டுக்குப் போறது?" என்றார். பாவம், இத்தனை வருசத்தில் வேலையிடத்தில் அவரை ஒருவர் எங்கேயும் கூப்பிட்டது இதுதான் முதல்தரம். ஆனால் மனிசனுக்கு முகம் வேண்டுமே. மார்செலுக்கு நேராகவே சொன்னேன்: இதை விற்கவும் வேண்டாம், நீயும் சுடவேண்டாம்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. போன வருசம் இதால்தான் மூஸ் சுட்டானாம். அந்த வெற்றுக் கோதை அதிர்ஷ்டத்துக்குச் சட்டைப்பையில் வைத்திருந்தான். எடுத்துக் கவுண்டரில் போட்டான். லிண்டா அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அடிப்பக்கம் சுற்றிவர முக்கால்வாசி வெடித்து, மிச்சம் ஒரு நூலில் நின்றது. மார்செல் கதிரையில் இருந்துவிட்டான். கோதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்ப அண்டைக்குக் காட்டில ரெண்டு பேர் சாக இருந்திருக்கு. மூஸ் மட்டும் செத்திருக்கு."

காட்டால் வந்தவர்

மார்செலின் துவக்கை லிண்டா திருத்த எடுத்தாள். குகன் அண்ணைக்கு எங்கள் கடையிலிருந்தே ஒன்றைக் கொடுத்தேன். அதுவும் குழல் மாற்றியதுதான், ஆனால் லிண்டா மாற்றிச் சுட்டுப் பார்த்தது. இரண்டாவது இரும்புக்குப் பூட்டாததை அவர் தன் கையாலேயே திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாங்கினார்.

வேட்டை முடிந்து சிரித்த முகத்தோடு கடைக்கு வந்தார். மூஸ் வந்ததாம். அதன் உயரத்தைக் கண்டு, துவக்கையும் மறந்து மரத்துக்குப் பின்னால் ஒளித்தாராம். மார்செல்தான் சுட்டிருக்கிறான். குகன் அண்ணை வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டு இறைச்சிக் கறி வைத்துக் கொடுக்க, பெடியள் கண்ணீர் வழிய வழியச் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டார்களாம். "அடுத்த வருசமும் கட்டாயம் வரட்டாம், தம்பி. துவக்குத் தேவையில்லையாம், தூள் மட்டும் காணுமாம்."

இத்தனை வருசத்தில் துவக்கை எடைபோட ஓரளவுக்குப் பழகிவிட்டேன், ஆனால் எனக்கென்று ஒன்று வாங்குகிற துணிவு மட்டும் இன்னும் வரவில்லை.